"ஏன் இப்படிச் சொன்னார்?": ஆங்கிலத்தில் உள்ள புனைவல்லாத நூலுக்குப் பகுப்பாய்வு எழுதுவது

திருகோணமலையிலிருந்து ஒரு மாணவியின் கேள்வி: "ஆங்கிலத்தில் உள்ள புனைவல்லாத நூல் ஒன்றைப் பற்றி 1000 சொல்லில், ஆங்கிலத்திலேயே பகுப்பாய்வு எழுதச் சொல்லி ஒப்படை தந்திருக்கிறார்கள். நான் தமிழ்மொழி மூலம் படித்து வந்தவள். எழுதிக் கொடுத்தால் 'இது சுருக்கம்' என்று ஓரத்தில் எழுதித் திருப்பித் தருகிறார்கள். பகுப்பாய்வு என்றால் என்ன, எங்கே தொடங்குவது?"

தங்கச்சி, சுருக்கமும் பகுப்பாய்வும் பிரியும் இடம் ஒன்றுதான். நூலாசிரியர் என்ன சொன்னார் என்று எழுதினால் அது சுருக்கம். அதை ஏன் இந்தச் சொல்லால், இந்த இடத்தில், இந்த ஒழுங்கில் சொன்னார், அப்படிச் சொன்னதால் வாசிப்பவரிடம் என்ன நடக்கிறது என்று எழுதினால் அது பகுப்பாய்வு. நூலில் வெளிப்படையாக இருப்பதை உங்கள் சொல்லில் திருப்பிச் சொல்வதற்குப் புள்ளி கிடைக்காது. நூலில் வெளிப்படையாக இல்லாத, ஆனால் நூலின் சொற்களைக் கொண்டே காட்டக்கூடிய ஒன்றைச் சொன்னால்தான் கிடைக்கும்.

தமிழ்மொழி மூலம் படித்தது இதற்கு ஒரு குறையே அல்ல. முதற்குறளுக்குப் பரிமேலழகர் எழுதிய உரையை எடுத்துப் பாருங்கள். உலகுக்கு முதல் ஆதிபகவன் என்று நேரே சொல்லாமல் "ஆதி பகவன் முதற்றே உலகு" என்று வள்ளுவர் ஏன் உலகின்மேல் வைத்துச் சொன்னார்? காணப்பட்ட உலகத்தைக் கொண்டு காணப்படாத கடவுளுக்கு உண்மை கூற வேண்டியிருந்ததால் என்று காரணம் தருகிறார். "முதற்றே" என்பதில் வரும் ஏகாரத்தைக்கூட விடாமல், அது தேற்றப் பொருளில் வந்தது என்கிறார். ஆசிரியருடைய தெரிவு எது, அதற்குக் காரணம் என்ன, அதனால் விளைந்தது என்ன என்ற மூன்றும் அந்தச் சில வரிகளில் இருக்கின்றன. உங்கள் விரிவுரையாளர் கேட்பதும் அதையே.

பாடசாலையில் பழகிய இன்னொரு கைப்பழக்கம்தான் இடைஞ்சல். கவிதைக்கு நயம் எழுதும்போது "கவிஞர் மிக அழகாக எடுத்துக்காட்டுகிறார்" என்று பாராட்டி எழுதப் பழகியிருப்போம். ஆங்கிலப் பகுப்பாய்வில் "பியூட்டிஃபுல்லி", "வெரி எஃபெக்டிவ்லி" போன்ற சொற்கள் வரியை நிரப்புமே தவிர எதையும் காட்டாது. ஆசிரியருக்கு நீங்கள் விசிறியாகவும் வேண்டாம், எதிரியாகவும் வேண்டாம். அவர் சொல்வது சரியா பிழையா என்று தீர்ப்புச் சொல்லும் கட்டுரை வேறு வகை. இங்கே, அவர் நம்ப வைக்க எடுத்த வழியைத்தான் பிரித்துக் காட்ட வேண்டும்.

நூலை நீங்களே தெரிவு செய்யலாம் என்றால் ரொபர்ட் நொக்ஸ் இலங்கையைப் பற்றி எழுதிய நூலை எடுங்கள். காப்புரிமை முடிந்த நூல் என்பதால் புரொஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். உங்கள் ஊரோடு சம்பந்தப்பட்டது என்பது அதைவிடப் பெரிய காரணம். 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தருகே புயலில் பாய்மரம் இழந்த 'ஆன்' என்ற கப்பல், அதைச் செப்பனிடக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. 1660இல் அந்தக் கரையில் வைத்துக் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் கப்டனையும் அவரது மகன் நொக்ஸையும் மற்றவர்களையும் பிடித்துச் சென்றார்கள். தகப்பன் அடுத்த ஆண்டே காய்ச்சலில் இறந்துபோனார். மகன் 1679இல் தப்பி, மன்னார்ப் பக்கத்து அரிப்பு என்ற ஊரிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். நூல் 1681இல் இலண்டனில் வெளிவந்தது. மூதூர்க் கரையைத் தெரிந்தவருக்கு, அவர் பிடிபட்ட கதை தொடங்கும் அத்தியாயங்களின் இடமும் வெயிலும் சொல்லாமலே புரியும்.

இதுவரை நான் சொன்னது வெறும் பின்னணி. கட்டுரையில் இதற்கு மூன்று வசனத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது. பகுப்பாய்வு இனித்தான் தொடங்குகிறது. நூல் நான்கு பகுதிகளாக இருக்கிறது: முதலாவது நாட்டின் நிலமும் விளைபொருளும் விலங்குகளும், இரண்டாவது அரசனும் ஆட்சியும், மூன்றாவது மக்களும் வழக்கங்களும், நான்காவது பகுதியில்தான் அவர் பிடிபட்டதும் தப்பியதும். இருபது ஆண்டுக்குக் கிட்டச் சிறைப்பட்டிருந்த ஒருவர், யாரும் முதலில் கேட்க விரும்பும் தன் கதையை ஏன் கடைசிக்குத் தள்ளினார்? இந்தக் கேள்வி கேட்டவுடனே நீங்கள் சுருக்கத்திலிருந்து வெளியே வந்துவிட்டீர்கள்.

பதில் தேடும்போது முன்பக்கங்களைப் பாருங்கள். மாணவர்கள் பெரும்பாலும் தட்டிவிட்டுப் போகும் பக்கங்கள் இவை. நூல் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆளுநருக்கும் அதன் குழுவினருக்கும் காணிக்கையாக்கப்பட்டிருக்கிறது. முன்னுரை எழுதியவர் ரோயல் சொசைட்டியைச் சேர்ந்த விஞ்ஞானி ரொபர்ட் ஹூக். ஒரு பக்கம் வணிகர், மறுபக்கம் இயற்கையை ஆராய்பவர். இருவருக்கும் முதலில் தேவைப்பட்டது நாட்டைப் பற்றிய தகவல். ஆகவே மூன்று பகுதி நிறையத் தகவலைத் தந்து, தன்னை நம்பத்தக்க சாட்சியாக நிறுத்திய பிறகே நொக்ஸ் தன் துன்பத்தைச் சொல்கிறார் என்று நீங்கள் வாதிடலாம். யாருக்காக, எதற்காக, எந்தக் காலத்தில் எழுதப்பட்டது என்ற மூன்றுக்கும் விடை பெரும்பாலும் முதற்பக்கம், காணிக்கை, முன்னுரை, உள்ளடக்கம் ஆகியவற்றிலேயே கிடக்கும். பத்திரிகைக் கட்டுரை என்றால் தலைப்பு, திகதி, எந்தப் பகுதியில் வெளியானது என்பவை அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும்.

வாசிப்பை மூன்று தரம் செய்யுங்கள். முதல் தரம் பேனை வேண்டாம். முடித்தபின் ஆசிரியர் என்னை எதை நம்ப, உணர அல்லது செய்ய வைக்கப் பார்க்கிறார் என்று கொப்பியில் ஒரே வசனம் தமிழில் எழுதுங்கள். ஆம், தமிழிலேயே. சிந்தனையை ஆங்கிலத்தில் தேடிக்கொண்டிருந்தால் தெரிந்த ஆங்கிலச் சொல்லுக்குள் சிந்தனை சுருங்கிவிடும். இரண்டாம் தரம் போட்டோக்கொப்பியில் பந்திகளுக்கு இலக்கம் இடுங்கள். ஒவ்வொரு பந்தியின் இடது ஓரத்திலும் அது என்ன சொல்கிறது என்று மூன்று நான்கு சொல்லில் எழுதுங்கள். வலது ஓரத்தில் அது என்ன செய்கிறது என்று எழுதுங்கள். "மழையின் அளவைச் சொல்கிறது" என்பது இடப்பக்கம். "எதிராளியின் வாதத்தை முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு கவிழ்க்கிறது" என்பது வலப்பக்கம். இடப்பக்கம் முழுவதும் சேர்ந்தால் சுருக்கம். வலப்பக்கம் உங்கள் கட்டுரைக்கான கச்சாப் பொருள். பல இடத்தில் வலப்பக்கம் வெறுமையாகவே நிற்கும். அதுவும் பயன்தான், அந்தப் பந்தியை உங்கள் கட்டுரையில் தொடத் தேவையில்லை.

மூன்றாம் தரம் சின்னச் சொற்களைத் தேடுங்கள். 'பட்', 'யெட்', 'ஹவ்எவர்' வரும் இடத்தில் வாதம் திரும்புகிறது. 'மே', 'பெர்ஹாப்ஸ்', 'சீம்ஸ்' வரும் இடத்தில் ஆசிரியருக்கு உறுதி குறைகிறது, அல்லது குறைவதுபோல் காட்டிக்கொள்கிறார். 'வீ', 'தே' எங்கே மாறுகின்றன, கடந்த காலம் எப்போது நிகழ்காலமாகிறது, செயப்பாட்டு வினையில் செய்தவர் எங்கே மறைகிறார் என்று குறியுங்கள். பெரிய உவமைகளைவிட இந்தச் சின்னச் சொற்கள்தான் புனைவல்லாத எழுத்தில் அதிகம் வேலை செய்கின்றன.

ஒரு சிறு பகுதியை வைத்தே செய்து காட்டுகிறேன். இந்த விளக்கத்துக்காக அமைத்த பந்தி இது; ஆங்கிலத்தில் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள், பொருள் தமிழில்:

"விடியும் நேரம் கோட்டை வாசலுக்கு வெளியே மான்கள் நிற்கின்றன. நாம் அவற்றைப் படம் எடுக்கிறோம். நாம் அவற்றுக்குப் பாண் கொடுக்கிறோம். மத்தியானத்துக்குள் அவை நாம் எறிந்த பைகளைத் தின்கின்றன. குப்பை அகற்றப்பட வேண்டும் என்று சொல்லப்படுகிறது."

சுருக்கம் எழுதுபவர், "திருகோணமலை மான்கள் பிளாஸ்டிக் தின்பதைப் பற்றி ஆசிரியர் கவலைப்படுகிறார்" என்பார். உத்தியை மட்டும் தேடுபவர், "ஆசிரியர் 'வீ' என்ற சொல்லைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறார், இது வாசகரின் கவனத்தை ஈர்க்கிறது" என்பார். இரண்டாவது பார்ப்பதற்குப் பகுப்பாய்வு போலவே இருக்கும். ஆனால் அந்த வசனத்தை வெட்டி வேறெந்தக் கட்டுரையில் ஒட்டினாலும் பொருந்திவிடும். ஒட்டிப் பார்க்கும் இந்தச் சோதனையை உங்கள் ஒவ்வொரு வசனத்துக்கும் வையுங்கள். எங்கும் பொருந்துவது எதையும் சொல்லவில்லை.

இனி உண்மையான வேலை. முதல் இரண்டு 'நாம்' அன்பான செயல்களோடு வருகின்றன. படம் எடுப்பது, பாண் கொடுப்பது என்பதால் வாசிப்பவர் அந்த 'நாம்' உள்ளே தயக்கமில்லாமல் நுழைந்துவிடுகிறார். மூன்றாவது 'நாம்' வரும்போது அதே கை பையை எறிகிறது. உள்ளே வந்தவர் வெளியேற முடியாமல் நிற்கிறார். ஆசிரியர் குற்றச்சாட்டை முதல் வரியிலேயே வைத்திருந்தால் "அது நான் அல்ல" என்று விலகியிருப்பார். கடைசி வசனத்தில் 'நாம்' திடீரென்று காணாமல் போகிறது. 'இட் இஸ் செட் தட் த கார்பேஜ் ஷுட் பி ரிமூவ்ட்' என்ற அமைப்பில் சொல்பவரும் இல்லை, அகற்றுபவரும் இல்லை. செய்த இடத்தில் ஆட்கள் இருந்தார்கள், திருத்த வேண்டிய இடத்தில் ஒருவரும் இல்லை என்பதை ஆசிரியர் வாயால் சொல்லவில்லை, இலக்கணத்தால் காட்டுகிறார். விடியலுக்கும் மத்தியானத்துக்கும் இடையே உள்ள சில மணித்தியாலமும் கணக்கில் வர வேண்டும்: அன்பும் கேடும் ஒரே நாளுக்குள் நடக்கின்றன, அதே நிகழ்காலத்தில்.

இங்கே ஒரு எச்சரிக்கை. செயப்பாட்டு வினை அந்த ஆசிரியரின் வழக்கமான நடையாகவும் இருக்கலாம். மற்றப் பந்திகளிலும் அது நிறைய வந்தால் மேற்சொன்ன வாசிப்பு பலவீனமாகும். அங்கு மட்டும்தான் வருகிறது என்றால் பலம் கூடும். எண்ணிப் பார்த்து, "முழுக் கட்டுரையிலும் இந்த ஓரிடத்தில் மட்டும்" என்று எழுத முடிந்தால் அந்த ஒரு தொடர் பத்துப் பாராட்டுச் சொல்லைவிடப் பெறுமதி.

அடுத்தது தீசிஸ் வசனம், அதாவது கட்டுரை முழுவதும் நிறுவப்போகும் மையக் கருத்தைச் சொல்லும் வசனம். "இந்நூலில் ஆசிரியர் பல உத்திகளைக் கையாண்டுள்ளார்" என்பது தீசிஸ் ஆகாது. யாரும் மறுக்க முடியாத வசனத்தை நிறுவ 1000 சொல் தேவையில்லை. நல்ல தீசிஸில் ஒரு தெரிவும் அதன் நோக்கமும் இருக்கும், கொஞ்சம் மறுக்கவும் இடம் இருக்கும். நொக்ஸுக்கு: "தன் சிறைவாசத்தை நாட்டைப் பற்றிய மூன்று பகுதிகளுக்குப் பின்னால் வைப்பதன் மூலம், நொக்ஸ் இரக்கத்துக்குரிய கைதியாக அறியப்படுமுன் நம்பிக்கைக்குரிய அவதானியாகத் தன்னை நிறுவுகிறார்." மான் பந்திக்கு: "வாசகரை முதலில் 'நாம்' என்று அணைத்துப் பிறகு அதே சொல்லால் பொறுப்பாளியாக்குகிறார்." அறிமுகப் பந்தியின் கடைசி வசனமாக இதை வையுங்கள். முதல் வரைவு முடிந்தபின் திரும்பி வந்து திருத்துங்கள். எழுதும்போதுதான் உண்மையில் என்ன வாதிடுகிறோம் என்று தெளியும்.

1000 சொல்லுக்கு அறிமுகம் 100 முதல் 120, மூன்று நடுப்பந்திகள் தலா 250 அளவில், முடிவு 100 என்று வைத்துக்கொண்டால் போதும். "ஒரு பந்தி சொல்லாட்சி, ஒரு பந்தி தொனி, ஒரு பந்தி அமைப்பு" என்று பிரிப்பதுதான் எல்லாரும் செய்வது. இதில் பந்திகள் மூன்று தனித் தீவுகளாகிவிடும். தீசிஸை மூன்று படிகளாக உடைத்து, ஒவ்வொரு பந்திக்கும் ஒரு படி கொடுங்கள்; சொல், தொனி, அமைப்பு எல்லாம் தேவைக்கேற்ப உள்ளே வரட்டும்.

பந்திக்குள் மேற்கோளை வைக்கும் விதத்தில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். மூன்று வரி மேற்கோளை முழுதாகத் தூக்கி வைத்து, "இதிலிருந்து தெரிகிறது" என்று ஒரு வரி எழுதி முடிப்பார்கள். மேற்கோள் நான்கு முதல் பத்துச் சொல்லுக்குள் இருக்கட்டும், உங்கள் சொந்த வசனத்தின் இலக்கணத்துக்குள் அது அடங்கட்டும். முன்னால் அது எங்கே, எந்தச் சந்தர்ப்பத்தில் வருகிறது என்று அரை வசனம். பின்னால் அதைவிட இரண்டு மடங்கு நீளத்தில் உங்கள் விளக்கம். அந்த விளக்கத்தில் மேற்கோளிலிருந்த ஒரு சொல்லையாவது பிடித்து, அதற்குப் பதில் வேறு சொல் வந்திருந்தால் என்ன மாறியிருக்கும் என்று கேளுங்கள். பந்தியை மேற்கோளோடு ஒருபோதும் முடிக்காதீர்கள்.

ஈதோஸ் (சொல்பவர்மேல் வரும் நம்பிக்கை), பேதோஸ் (உணர்ச்சி), லோகோஸ் (தர்க்கம்) என்று நம்ப வைக்க அரிஸ்டாட்டில் சொன்ன மூன்று வழிகளையும் எல்லாரும் எழுதுவார்கள். பெயரைச் சொல்வதற்குப் புள்ளி இல்லை. "இது பேதோஸ்" என்று எழுதினால் எந்த உணர்ச்சி, யாரிடம், எதற்கு முன்னோடியாக என்று அடுத்த வசனத்தில் சொல்லியே ஆக வேண்டும். அதைவிடப் பயனுள்ள வழி, வாதத்துக்கு அடியில் சொல்லாமல் கிடக்கும் எடுகோளைத் தோண்டுவது. "இத்தனை காலம் அங்கிருந்தேன், ஆகவே என் சொல்லை நம்புங்கள்" என்பது நொக்ஸின் அடிப்படை. நீண்ட காலம் இருந்தால் முழுதும் தெரிந்துவிடும் என்பது அதன் எடுகோள். ஆனால் தொப்பி பின்னி விற்றும் நெல் கடன் கொடுத்தும் ஊர்களில் பழகிய கைதிக்கு, கிராம வாழ்வு நேரில் தெரிந்ததுபோல அரண்மனை தெரிந்திருக்குமா? அவர் கண்டதைச் சொல்லும் இடத்திலும் கேட்டதைச் சொல்லும் இடத்திலும் வசனங்களின் உறுதி மாறுகிறதா என்று பாருங்கள். அதுவே ஒரு முழு நடுப்பந்திக்குப் போதும்.

காலத்தின் சொற்களையும் கவனமாகத் தொடுங்கள். நொக்ஸ் தமிழரை 'மலபார்' என்கிறார். அக்கால ஐரோப்பியர் பலருடைய வழக்கு அது. அதைக் கண்டு கோபித்து அரைப் பக்கம் எழுதினால் பகுப்பாய்வு நின்றுவிடும். கண்டுகொள்ளாமல் நீங்களும் 'மலபார்' என்றே எழுதினால் அதைவிட மோசம். ஒருமுறை மேற்கோள் குறிக்குள் வைத்து, வெளியிலிருந்து வந்த பெயரால் ஒரு மக்களை அழைக்கும்போது வாசகர் கண்ணில் அவர்கள் எங்கே நிறுத்தப்படுகிறார்கள் என்று சொல்லுங்கள். உங்கள் மண்ணைப் பற்றிய நூல் என்பதால் இந்த இடத்தில் நீங்கள் மற்றவரைவிடக் கூர்மையாகப் பார்க்க முடியும். அந்த அனுகூலத்தை விட்டுவிடாதீர்கள்.

இனி ஆங்கிலம். தமிழிலிருந்து வருபவர்களிடம் திரும்பத் திரும்ப வரும் பிழைகள் சில உண்டு. "நூலில் சொல்லப்படுகிறது" என்ற பழக்கத்தில் 'இன் த டெக்ஸ்ட் செய்ஸ் தட்' என்று எழுவாயில்லாமல் எழுதுவார்கள். 'த டெக்ஸ்ட் செய்ஸ்' என்றோ 'நொக்ஸ் செய்ஸ்' என்றோ வர வேண்டும். 'அக்கோர்டிங் டு த ஓதர், ஹீ செய்ஸ்' என்பதில் ஒரே விஷயம் இருமுறை, ஒன்றை வெட்டுங்கள். "பற்றி" என்பது நம் நாக்கில் இருப்பதால் 'டிஸ்கஸ் அபவுட்', 'மென்ஷன் அபவுட்' வரும். இரண்டிலும் 'அபவுட்' வேண்டாம். 'எம்பஸைஸ்' வினைக்குப் பின் 'ஒன்' வராது. எச்சங்களை அடுக்கி நீட்டும் நம் வசன அமைப்பை அப்படியே கொண்டுபோனால் ஆங்கிலத்தில் கமாக்களால் ஒட்டிய நாலு வரி வசனம் வரும். அதை இரண்டாகவோ மூன்றாகவோ உடையுங்கள்.

'நொவல்' என்ற சொல்லைப் புனைகதைக்கு மட்டும் வையுங்கள். நினைவுக்குறிப்பையோ பயண நூலையோ 'நொவல்' என்று எழுதினால், நூலின் வகையே தெரியாதவர் என்று திருத்துபவர் முடிவு கட்டிவிடுவார். 'ப்ரூவ்ஸ்' என்ற வினையும் ஆபத்தானது. ஆசிரியர் வாதிடுகிறார், நிரூபித்துவிட்டார் என்று நீங்கள் சான்றிதழ் கொடுக்க வேண்டியதில்லை. 'செய்ஸ்' என்பதையே பத்துத் தரம் எழுதாமல் அர்த்தம் பார்த்து மாற்றுங்கள்: வாதிட்டால் 'ஆர்கியூஸ்', எதிராளியின் கருத்தில் கொஞ்சம் ஏற்றால் 'கன்சீட்ஸ்', சொல்லாமல் உணர்த்தினால் 'இம்ப்ளைஸ்', அழுத்திச் சொன்னால் 'இன்ஸிஸ்ட்ஸ்'. இந்த வினையைச் சரியாகத் தெரிவு செய்வதே பகுப்பாய்வில் ஒரு பாதி. ஆசிரியரை முதல் தரம் முழுப் பெயராலும் பிறகு குடும்பப் பெயராலும் குறிப்பிடுங்கள், 'மிஸ்டர்' வேண்டாம்.

காலத்தில் குழப்பம் வேண்டாம். எம்எல்ஏ, ஏபிஏ என்பவை கட்டுரையையும் ஆதாரக் குறிப்பையும் எழுதும் இரண்டு ஒழுங்குமுறைகள். இலக்கியப் பாடத்தில், எம்எல்ஏ முறையில், நூல் செய்வதை நிகழ்காலத்தில் எழுதுவார்கள்: 'நொக்ஸ் டிஸ்கிரைப்ஸ்'. 1660இல் நடந்த சம்பவம் மட்டும் கடந்த காலம். ஏபிஏ முறையைக் கேட்டிருந்தால் ஆசிரியர் சொன்னதே கடந்த காலத்துக்குப் போகும்: 'நொக்ஸ் டிஸ்கிரைப்ட்'. எந்த முறை என்று ஒப்படைத் தாளில் பாருங்கள், இல்லாவிட்டால் எழுதத் தொடங்குமுன் கேளுங்கள். நூற்பெயர் சாய்வெழுத்தில், கையால் எழுதினால் அடிக்கோட்டில். பத்திரிகைக் கட்டுரைத் தலைப்பு மேற்கோள் குறிக்குள்.

முடிவுப் பந்தியில் முன்பு சொன்னதைத் திருப்பிச் சொல்லாதீர்கள். அந்தத் தெரிவால் நூல் பெற்றது என்ன, இழந்தது என்ன என்று ஐந்து வசனம் போதும். நொக்ஸ் தன்னைப் பின்னுக்குத் தள்ளியதால் நம்பிக்கையைப் பெற்றார்; ஆனால் முதல் மூன்று பகுதிகளில் வரும் ஒவ்வொரு தகவலும் ஒரு கைதி சேர்த்தது என்பதை வாசகர் மறந்துவிடும் வாய்ப்பும் அதனாலேயே வந்தது.

கொடுக்குமுன் இரண்டு நிற ஹைலைட்டர் எடுத்து வரைவில் உட்காருங்கள். நூல் சொன்னதைச் சொல்லும் வசனங்களுக்கு மஞ்சள், நீங்கள் விளக்கும் வசனங்களுக்குப் பச்சை. ஒரு பந்தியில் மஞ்சள் பாதிக்கு மேல் இருந்தால் அந்தப் பந்தியை மட்டும் எடுத்து, ஒவ்வொரு மஞ்சள் வசனத்துக்குப் பின்னும் "ஏன் இப்படிச் சொன்னார்?" என்று தமிழில் எழுதி, விடையை ஆங்கிலத்தில் எழுதிவிட்டுக் கேள்வியை அழியுங்கள்.